சொன்னதைச் சொன்னபடி சொல்லும் கப்பல்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நான் நலம். நீ, அத்தான், குழந்தைகள் எல்லோரும் நலமா என்று கேட்பது முறை. கேட்டாயிற்று. பதில் வேண்டாம்.

நலம் என்றதில் ஒரு சின்னத் திருத்தம். இன்று காலைதான் என் வயிறு என்னிடம் திரும்பி வந்தது. சாப்பாட்டுக் கூடத்தின் மூலை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேசையைத் தரையோடு திருகி வைத்திருக்கிறார்கள். நாற்காலிக்குச் சங்கிலி. தட்டு வழுக்கி விழாமலிருக்க மேசை விளிம்பில் கட்டை அடித்திருக்கிறார்கள். இந்தக் கப்பலில் எல்லாவற்றையும் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். வாயைத் தவிர.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நடுக்கடலில் சிக்னல் இல்லை. இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். போனில் நீ "சரி சரி" என்பாய். இரண்டு தடவை நீ அப்படிச் சொன்னால் போதும், எனக்கு என் துக்கமே மறந்துவிடும். கடிதத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டு கடைசி வரை படித்தே ஆக வேண்டும்.

கப்பல் நல்ல கப்பல். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் திட்டப்போவது கப்பலை அல்ல. சிறிய கப்பல், அவ்வளவுதான். பெரிய கப்பல்களில் நீச்சல் குளம், சினிமா, கடைத்தெரு எல்லாம் உண்டாம். ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம் வந்தால் போய் ஒளிந்துகொள்ள ஒரு ஊரே இருக்கும். இதில் ஒரு சாப்பாட்டுக் கூடம். ஒரு மேல்தளம். சில பெஞ்சுகள். அறைகளுக்கு நடுவே ஒரு நடை. எதிரில் ஆள் வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி வயிற்றை உள்ளிழுக்க வேண்டும். "இங்கே எல்லோரும் ஒரே குடும்பம் போல" என்று விளம்பரத்தில் போட்டிருந்ததே. அதைப் படித்தபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

உனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுகிறேன் என்று நினைக்காதே. வரிசையாக எழுதிப் பார்த்தால் எனக்காவது புரிகிறதா என்று பார்க்கிறேன்.

அப்பா வேலையை விட்டார். யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் சாப்பாட்டுப் பையோடு கிளம்பிப் போய் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு மாலையில் களைப்போடு வீடு திரும்பினார். வரும்போது ரொட்டி வாங்கிக்கொண்டு வரச் சொல்ல அம்மா அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அப்படி ஒருவர் இப்போது இங்கே இல்லை என்றார்கள். அன்று மாலை அம்மா சொன்னாள்: "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலல்ல? இனிமே எதுவுமே சொல்ல வேண்டாம்." அப்பா தன் வாழ்நாளில் அம்மாவின் பேச்சைத் தட்டாமல் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் நீ. அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். அம்மா உன்னைப் பார்த்து, "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள். அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நீ சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார். நீ கல்யாணமாகிப் போகும்போது அந்தப் பதவியை என்னிடம் கொடுத்தாய். தொழில் ரகசியத்தையும் சொல்லிக் கொடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா? "வர்றதை அப்படியே குடுத்துடாதடீ. குழந்தைக்கு மீன் குடுக்கிற மாதிரி, முள்ளை எடுத்துட்டுக் குடு." நான் கேட்டேன்: "முள்ளை எடுத்தா மீனே இல்லைன்னா?" நீ சொன்னாய்: "அப்ப நீயே ஒரு மீனைப் பிடிச்சு வை."

நீ காதலித்துத் தன்னைக் கைப்பிடித்ததாக அத்தான் இன்றும் நம்புகிறார். நம்பட்டும். நீ தப்பிக்க ஓடிய பாதையில் அவர் நின்றுகொண்டிருந்தார் என்று நான் அவரிடம் சொன்னதில்லை. அங்கேயும் முள்ளை எடுத்திருக்கிறேன்.

இப்போது என் விஷயம். மலைமேல் வானிலை நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கருவிகள் சொல்வதை எழுதி அனுப்பும் வேலை. காற்று எவ்வளவு, ஈரம் எவ்வளவு, மழை எவ்வளவு. எவ்வளவோ அவ்வளவு. மழையின் மனம் புண்படுமே என்று குறைத்து எழுத வேண்டியதில்லை. இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அப்பாவிடம் கேட்டேன். "உங்கம்மாவுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்" என்றார். அம்மாவிடம் கேட்டேன். "உங்கப்பா சரின்னா நான் என்ன சொல்லப்போறேன்" என்றாள். சரி, முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அப்பா சரி சொல்லிவிட்டார் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னால், "அதை அவர் வாயால சொல்லட்டும். இது உன் சமாச்சாரம். உன் சமாச்சாரத்துக்கு நீயே தூது வந்தா எப்படி?" என்கிறாள். அப்பாவும் அதே. வாழ்க்கையில் முதல் தடவையாக இருவரும் ஒரே சட்டம் பேசினார்கள், தனித்தனி அறையில் நின்றுகொண்டு.

அவர்கள் இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேச வேண்டும். பேசினால் நான் போகலாம். பேசாவிட்டால் நான் இருக்க வேண்டும். இவ்வளவுதான் என் வாழ்க்கை, அக்கா. படிப்பு இத்தனை படித்தும்.

கப்பல் உன் யோசனை. "ஒரே ரூம், ஒரே ஜன்னல், சுத்திலும் தண்ணி. பேசாம எங்கடீ போவாங்க? நானும் கூட வர்றேன், பாத்துக்கலாம்." நாலு பேருக்கும் டிக்கெட் எடுத்தாய். கிளம்புவதற்கு முந்தின நாள் சின்னவனுக்குக் காய்ச்சல் என்றாய். காய்ச்சல் வரும், குழந்தைதானே. ஆனால் டிக்கெட் வீணாகக் கூடாது என்று உனக்குப் பதிலாக உன் மாமியாரை அனுப்பினாயே, அதற்கு எந்தக் காய்ச்சல் காரணம்?

அத்தை துறைமுகத்தில் ஒரே ஒரு பெட்டியோடு நின்றிருந்தார். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர் எப்படி நிற்பாரோ அப்படி. அம்மாவின் முகம் மாறியது. சம்பந்தி முன்னால் பேசாமல் இருக்க முடியாது, பேசவும் முடியாது. அம்மா என் காதில் சொன்னாள்: "உங்கப்பாவைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி நிக்கச் சொல்லு." நான் போய்ச் சொன்னேன். அப்பா நின்றார். பல் வலிக்கிறவர் போல இருந்தது.

அறைகள். அவர்களுக்கு வலப்பக்கம், எனக்கும் அத்தைக்கும் இடப்பக்கம். பக்கத்துப் பக்கத்து அறை கேட்கத் தோன்றவில்லை உனக்கு. அறை என்பது ஓர் அலமாரி. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் நீயும் ஒரு மடித்த துணிதான். படுக்கைகள் ஒன்றின் மேல் ஒன்று. மேல் படுக்கை யாருக்கு என்பதை நடையில் நின்றபடி நான்தான் பேசி முடித்தேன். அம்மாவுக்கு முழங்கால், அப்பாவுக்குத் தலைச்சுற்றல், முழங்கால் வென்றது. அப்பா ஏணியில் பாதி ஏறிய பிறகு கப்பல் கொஞ்சம் சாய்ந்தது, அவர் ஏணியோடு சேர்ந்து சாய்ந்து, ஒரு காலை அம்மாவின் தலையணையில் வைத்தார், அம்மா என்னைப் பார்த்து "காலை எடுக்கச் சொல்லு" என்றாள், நான் "அப்பா, பார்த்து ஏறுங்க" என்றேன், அப்பா காலை எடுத்து அம்மாவின் மூக்குக் கண்ணாடியில் வைத்தார். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வீட்டில் பொருட்கள் உடைவதில்லை.

கப்பல் கிளம்பியதும் முதல் வேலை, மூழ்கினால் என்ன செய்வது என்ற பயிற்சி. நல்ல சகுனம். ஆளுக்கு ஓர் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. அதன் வார் முதுகுப் பக்கம் இருந்தது. தானே கட்டிக்கொள்ள முடியாது, பக்கத்தில் இருப்பவர்தான் கட்டிவிட வேண்டும். அறை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துப் படகு. அதாவது கப்பல் மூழ்கினால் அம்மாவும் அப்பாவும் ஒரு படகு, நான் வேறு படகு. உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "உங்கப்பாவை வாரை இறுக்கிக் கட்டச் சொல்லுடீ!" காற்றில் பாதி பறந்தது. அதற்குள் அப்பா: "எவ்வளவு இறுக்கணும்னு கேளு!" அதிகாரி ஒருவர், "சத்தம் போடாதீங்க, ஆபத்து நேரத்துல அமைதி முக்கியம்" என்று சத்தம் போட்டார். எல்லோரும் கட்டி முடித்தால்தான் பயிற்சி முடியும். எல்லோரும் கட்டிவிட்டார்கள். அம்மாவின் முதுகில் மட்டும் வார் தொங்கியது. அப்பா அதற்கு ஒரு சாண் பின்னால் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார், இந்தப் பக்கத்திலிருந்து என் குரல் வருவதற்காக. மொத்தக் கப்பலும் காத்திருந்தது.

அப்போதுதான் அவர் முன்னால் வந்தார். எங்கள் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர். பெரிய உருவம், பெரிய மீசை, சின்னக் குரல். "எங்கிட்ட சொல்லுங்கம்மா, நான் சொல்லிடுறேன்."

அம்மா ஒரு நொடி யோசித்தாள். பிறகு: "இறுக்கிக் கட்டச் சொல்லுங்க. யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி நிக்க வேண்டாம்னு சொல்லுங்க."

அவர் அதை அம்மாவிடமே திருப்பிச் சொன்னார். "இறுக்கிக் கட்டணும். யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி நிக்க வேண்டாம். சரிதானேம்மா?"

"...சரிதான்."

ஓர் அடி நகர்ந்தார். அப்பாவைப் பார்த்தார். "ஐயா, இறுக்கிக் கட்டணுமாம். யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி நிக்க வேண்டாமாம். அம்மா சொன்னாங்க."

அப்பாவின் காது சிவந்தது. கட்டினார். அம்மாவுக்கு மூச்சு நின்று வந்தது. பல வருடங்களில் ஒரு செய்திக்கு நேரடியாகக் கிடைத்த முதல் பதில் அது.

அந்த மனிதர் முன்பு கப்பலின் சுக்கானைப் பிடித்தவர். தோள் வலி வந்து அறைகளுக்கு மாற்றிவிட்டார்கள். கப்பலில் ஒரு வழக்கம் உண்டாம்: மேலே இருப்பவர் ஓர் உத்தரவு சொன்னால், கீழே இருப்பவர் முதலில் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகுதான் செய்ய வேண்டும். ஒரு சொல் மாறினால் கப்பல் பாறையில். இந்த மனிதர் சுக்கானை விட்டார், பழக்கத்தை விடவில்லை. தேநீர் கேட்டாலும் திருப்பிச் சொல்வார். அத்தை அவருக்குக் கிளிப்பிள்ளை என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் அவரை நடையில் மடக்கினேன். இருவரும் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு பேசினோம்.

"அண்ணே, அவங்க சொல்றதை அப்படியே சொல்லாதீங்க. கொஞ்சம் மாத்திச் சொல்லுங்க."

"எப்படி மாத்தணும், தங்கச்சி?"

"இப்ப, 'எருமை மாதிரி குறட்டை விடுறாரு'ன்னு அம்மா சொன்னா, 'அம்மாவுக்குத் தூக்கம் வரலை'ன்னு சொல்லுங்க."

அவர் உண்மையிலேயே யோசித்தார். "ஆனா அவங்க அப்படிச் சொல்லலையே."

இதற்கான பதில் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மறுநாள் கடல் குழம்பியது. நான் படுத்துவிட்டேன். வாளி ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். "எழுந்திருக்காதம்மா. நான் பாக்காத வாந்தியா" என்றார். அந்த இரண்டும்கெட்டான் நிலையில், கதவுக்கு வெளியே நடையில் கிளிப்பிள்ளையின் காலடி போய்ப் போய் வருவது கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா மேல்தளத்தில், அம்மா அறையில், அம்மா சொல்லி அனுப்புகிறாள், மேல் படுக்கையில் கூரை இடிந்து விழுகிற மாதிரி குறட்டை, வயசுக்குத் தகுந்த சத்தம் போடச் சொல்லுங்க என்று, அப்பா பதில் அனுப்புகிறார், அவங்க தூங்குற நேரத்துல மட்டும்தான் என் குறட்டை வெளியில கேக்குது, மத்த நேரம் அவங்க பேச்சு அதை மூடிடுது என்று, "அப்படியா சொன்னாரு? உங்க வாயால?" என்று அம்மா கேட்க, "என் வாயால இல்லம்மா, அவர் வாயால" என்று கிளிப்பிள்ளை, பிறகு சட்டைப் பொத்தான், பிறகு ஈரத் துண்டு, பிறகு அம்மாவின் தம்பி, பிறகு அப்பாவின் பூங்கா பெஞ்சு. பூங்கா பெஞ்சு, அக்கா! அதைப் பற்றி நம் வீட்டில் யாரும் வாயே திறந்ததில்லை. ஒரு பணியாளர் கையில் துடைப்பத்தோடு அதைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போனார்.

இதில் எனக்குக் கசந்தது எது தெரியுமா? அவர்களுக்கு அது பிடித்திருந்தது.

அப்பா என்னைப் பார்க்க வந்தார். வாளியைப் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். "உங்கம்மாவுக்கு இவ்வளவு கூர்மையாப் பேச வருமா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட மரியாதையோடு. இத்தனை வருடம் என் வழியாக அவரிடம் போனது ஒரு மழுங்கிய அம்மா. எந்தக் கோபமும் இல்லாத, எந்தச் சுவையும் இல்லாத, "சாப்பிட வாங்க", "மழை வருது" மட்டும் சொல்லும் ஒரு பெண். நான் அவருக்கு வேறு ஒருத்தியைக் கட்டி வைத்திருந்தேன். அவரும் அவளோடு பொறுமையாகக் குடும்பம் நடத்தியிருக்கிறார்.

அப்பா போன பிறகு அத்தை வாளியை அலம்பிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லை, அதானே?"

"அத்தை, உங்களுக்கு எப்படி..."

"உங்கக்கா கல்யாணத்துல போட்டோக்காரர் 'கொஞ்சம் நெருங்கி நில்லுங்க'ன்னு சொன்னதுக்கு, உங்கம்மா உன்னைப் பார்த்து 'உங்கப்பாவை நெருங்கி நிக்கச் சொல்லு'ன்னாங்க. அன்னைக்கே தெரியும். நான் ஏன் கேக்கணும்? எங்க வீட்டுல நாங்க பேசிப் பேசியே செத்தோம்."

அன்று சாயங்காலம் கடல் அடங்கியது. காய்ந்த ரொட்டி இரண்டு துண்டாவது உள்ளே போகட்டும் என்று அத்தை என்னைக் கைத்தாங்கலாகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்து வந்தார். நீளமான மேசை. ஒரு முனையில் அம்மா, மறு முனையில் அப்பா, நடுவில் ஒரு பல் மருத்துவரும் அவர் குடும்பமும். கிளிப்பிள்ளை தட்டுகளோடு இரண்டு முனைகளுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். பல் மருத்துவரின் பிள்ளைகள் பந்து விளையாட்டு பார்ப்பது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பினார்கள். எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். அம்மாகூட. அம்மா அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. அந்தத் துணிச்சலில்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். கொஞ்சம் வம்புக்கு. கொஞ்சம், எப்படிச் சொல்வது, செல்லத்துக்கு.

"வீட்டுல தினமும் 'உங்கம்மா மாத்திரை போட்டாளா'ன்னு கேட்டு அனுப்புவாரே. கப்பல் ஏறினதும் அந்த அக்கறையைக் கடல்ல போட்டாச்சான்னு கேளுங்க."

நான் ரொட்டியைக் கீழே வைத்தேன்.

கிளிப்பிள்ளை திருப்பிச் சொன்னார். சரிதானேம்மா என்றார். நடந்தார். சொன்னார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. நேர்மையான மனிதர்; புரியாதபோது நேர்மையாக இருப்பார். "நான் எப்பக் கேட்டேன்? நான் ஒருநாளும் கேட்டதில்லையே. அவங்க என்ன மாத்திரை போடுறாங்கன்னே எனக்குத் தெரியாதே."

அண்ணே, வேண்டாம் என்றேன். அவர் ஏற்கெனவே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். சரிதானே ஐயா. நடந்தார். சொன்னார். ஒரு சொல் மாறவில்லை.

அம்மா மேசை விளிம்புக் கட்டையைப் பார்த்தாள். அடுத்ததை மெதுவாகக் கேட்டாள். "ஆஸ்பத்திரியில இருந்தேனே. அப்ப, 'உங்கம்மா இல்லாம வீட்டுல விளக்குப் போட்டும் இருட்டா இருக்கு'ன்னு சொல்லி அனுப்பினாரே. அது?"

அக்கா, அது உன் சரக்கு. எனக்கு அவ்வளவு இலக்கியம் வராது.

அது மறுமுனைக்குப் போனது. அப்பா உண்மையிலேயே நினைவுபடுத்திப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் சொல்லலையே."

அது திரும்பி வந்தது.

அம்மாவின் முகத்தை உனக்கு வர்ணிக்க மாட்டேன். நீ பார்த்திருக்க வேண்டும். அதற்குத்தான் உனக்கு டிக்கெட் எடுத்தது.

பிறகு அம்மா கிளிப்பிள்ளையைக் கையால் ஒதுக்கினாள். பல் மருத்துவர் குடும்பத்தைத் தாண்டி, மேசையின் நீளத்துக்கும் நேராகப் பார்த்தாள்.

"நீங்க கேக்கவே இல்லையா?"

அப்பா எழுந்து நின்றுவிட்டார். வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல. "இல்ல." பிறகு, "எனக்கு வாங்கின நீலச் சட்டை. நான் அதுல இளைச்சுத் தெரியுறேன்னு நீ சொன்னதா இவ சொன்னாளே. அது?"

"நான் சொல்லல. அந்தச் சட்டையே எனக்குப் பிடிக்காது."

"நான் அதைத்தான் போட்டுக்கிட்டு இருக்கேன்."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எவ்வளவு வருஷமா."

அத்தை கரண்டியை எடுத்தார். "அப்பாடா, பேசிட்டாங்க. இனியாவது சாப்பிடலாமா?"

பேசிவிட்டார்கள், அக்கா. உன் திட்டம் பலித்தது. வாழ்த்துகள். பேசிய முதல் நொடியே இருவரும் சேர்ந்து திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் பேச்சை நிறுத்தவே இல்லை. மேல்தளத்துப் பெஞ்சில் இருவரும் அருகருகே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காற்றில் உதறிப் பார்க்கிறார்கள். இது நீங்க சொன்னதா, இல்லை, இது நீ சொன்னதா, ஐயோ நானா. சில இடங்களில் சிரிக்கிறார்கள். சில இடங்களில் அம்மா அழுகிறாள், அப்பா அதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையைத் தடவுகிறார். நான் அருகே போனால் நிறுத்திவிடுகிறார்கள். உன் காலத்துச் சரக்கும் என் கணக்கில்தான் ஏறியிருக்கிறது. நான் திருத்தவில்லை. நீ செய்ததைச் சொல்லியிருந்தால் என் பாரம் பாதியாகும் என்று தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. பழக்கம்.

நேற்று போய் நின்றேன். "ரெண்டு பேரும் பேசிட்டீங்க. வேலைக்கு நான் போகலாமா?" என்று கேட்டேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசிக்கவே இல்லை. "போ" என்றார்கள். இருவரும் ஒரே நேரத்தில்.

சம்மதம்தான் வேண்டும் என்று இருந்தேன். கிடைத்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன், நான் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் இந்தத் தொனியில் கொடுத்திருக்க மாட்டேன்.

அம்மா ஒன்று சேர்த்துச் சொன்னாள்: "இத்தனை வருஷம் நான் யாருகூடக் குடித்தனம் பண்ணினேன்னு தெரியலையேடீ." அப்பா தலையாட்டினார். அவர் தலையாட்டியது வலித்தது. நான் இல்லாவிட்டால் இவர்கள் என்றைக்கோ இப்படி ஒரு மேசையில் சண்டை போட்டுத் தீர்த்திருப்பார்களா? அல்லது என்றைக்கோ பிரிந்து போயிருப்பார்களா? தெரியவில்லை. இரண்டில் எதற்கும் நான் இடம் கொடுக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது. நல்ல மனதோடுதான் செய்தோம், நீயும் நானும். நல்ல மனதைக் கொண்டு ஒரு வீட்டையே ஊமையாக்கலாம் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆகவே நான் தீர்மானமாகச் சொல்வது இது. நாளை கரை. அங்கிருந்து நான் நேராக மலைக்குப் போகிறேன். இனி என் வாழ்க்கையில் எதுவும் முள் எடுக்காமலே வரட்டும். குத்தினால் குத்தட்டும். என்னிடம் யாரும் எதையும் நயமாகச் சொல்ல வேண்டாம். முக்கியமாக நீ. எனக்கு வரும் சொல் எதுவாக இருந்தாலும், வந்த எடைக்கு அப்படியே வந்து சேரட்டும். உன்னிடம் எனக்கு வேறு எதிர்பார்ப்பு இல்லை. நீ உன் வீட்டில் இரு. நான் மழையை அளந்துகொண்டிருக்கிறேன். நம் இருவருக்கும் நடுவே தூதுக்கு ஆள் வேண்டாம். தூது அனுப்பும் அளவுக்குச் செய்தியும் இல்லை.

உன் மாமியாரைப் பத்திரமாக அனுப்பி வைக்கிறேன். அவரைப் போல ஒருவர் எனக்கு வாய்த்தால் நானும் கல்யாணம் செய்துகொள்வேன். பெரியவளுக்கும் சின்னவனுக்கும் என் முத்தங்கள். காய்ச்சல் இருந்திருந்தால், குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அத்தானுக்கு என் வணக்கம். வயதில் நீ மூத்தவள், அதனால் ஆசி கேட்க வேண்டியது நான்; கேட்டதாக வைத்துக்கொள். வயதுக்கு மீறி உனக்கு நான் தரும் ஆசி ஒன்று உண்டு: உன் குழந்தைகள் உன்னிடம் நேராகப் பேசட்டும்.

இப்படிக்கு,
உன் இடத்தில் இருந்தவள்,
உன் தங்கை.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கிளிப்பிள்ளை வந்தார். என் எதிரில் நேராக நின்றார். "ஐயாவும் அம்மாவும் சொல்லி அனுப்பினாங்க. 'அவளை அவ பெட்டியை அவளே எடுத்துக்கிட்டு இறங்கச் சொல்லுங்க. நாங்க அவகிட்டப் பேசுறதா இல்லை.'" சொல்லிவிட்டு, முதல் தடவையாக, கேட்பவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். படியேறி மேல்தளத்தை எட்டிப் பார்த்தேன். இருவரும் பெஞ்சில் இருக்கிறார்கள். அம்மா அப்பாவின் சட்டையில் எதையோ தட்டிவிடுகிறாள். என் பக்கம் திரும்பவில்லை. நாளை கரையில் இந்த மனிதர் இருக்க மாட்டார். அப்புறம் எனக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் உன் போனுக்குத்தான் வரும். "உன் தங்கச்சிகிட்டச் சொல்லு" என்று அம்மா ஆரம்பிப்பாள், அப்பா பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பார். மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. அவர்கள் சொன்னதை அப்படியே சொல்லாதே, அக்கா. கொஞ்சம் வெட்டிச் சொல். வெட்டினால் ஒன்றும் மிஞ்சாது என்றால் நீயாக ஏதாவது சேர்த்துச் சொல். மலையில் குளிருமே, போர்வை எடுத்துக்கொண்டாளா என்று அப்பா கேட்டதாகச் சொல். நீ சேர்த்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் சொல்.